படத்தில் வராத நான்காம் எண்

மூன்றாம் டிவிஷன்,
சிம்பாங் அம்பாட்.
17.9.1995

அனுசியா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் அமெரிக்க முகவரியை உன் அப்பா கடைக் கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆணி வாங்க வருகிறவனும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். நானும் அங்கே நின்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். நீ விமானம் ஏறிப் பதினெட்டு நாள் கழித்துத்தான், அதுவும் கடைச் சுவரைப் பார்த்துத்தான், நீ போனதே எனக்குத் தெரியும்.

ஆறு வருஷம் ஒன்றாக ஆடினோம். கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிப் போய், நூலகத்தில் இருந்த அந்தத் தடித்த புத்தகத்திலிருந்து இருபத்திரண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் முகவரியை எழுதிக்கொண்டு வந்தது யார்? பெண்கள் கூடைப்பந்துக்கு ஆள் எடுக்கும் கோச்சுகளுக்கு என்ன எழுத வேண்டும் என்று அகராதியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டது யார்? நீ டைப் அடித்தாய், அவ்வளவுதான். "எண் 4 பவானேஸ்வரி, எண் 11 அனுசியா, இருவருமே உபகாரச் சம்பளம் கிடைத்தால் வந்து படித்துக்கொண்டே ஆடத் தயார்" என்று ஒரே கடிதம், ஒரே வீடியோ. பதில் வருவதற்கு உன் வீட்டு முகவரியைப் போடலாம் என்று சொன்னதும் நான்தான். எங்கள் தோட்டத்தில் கடிதமெல்லாம் முதலில் ஆபீசுக்குப் போகும். கணக்கெழுதும் அப்புசாமி கிராணி மனம் வைத்தால் வீட்டுக்கு வரும், இல்லையென்றால் அவர் மேசையிலேயே டீத்தம்ளருக்கு அடியில் கிடக்கும். அதனால் உன்னை நம்பினேன்.

போன வாரம் அலோர் காஜாவில் மருதமுத்து அண்ணன் கடைப் பக்கம் போனேன். கல்யாண வீடியோ எடுக்கிறவரைத் தவிர நமக்குக் கேமராக்காரர் யார் கிடைத்தார், அவரைத்தானே ஆட்டத்துக்குக் கூப்பிட்டோம். கடை டிவியில் நம் இறுதியாட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது! கல்யாண வீடியோவுக்குச் சொல்லி வைக்க வந்த ஒரு குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுகிறார். "இது அமெரிக்கா போன டேப்லா. இந்தப் பொண்ணுக்கு அங்க சீட் கெடச்சதே இதாலதான். உங்க மகளையும் இதே மாதிரி எடுத்துக் குடுக்கறேன்."

எங்கள் வீட்டில் வீடியோ டெக் இல்லை. உன் வீட்டில் பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்றாய், நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவை முழுதாகப் பார்த்தேன். நீ ஓடுகிறாய், நீ நிற்கிறாய், நீ தலைமுடியை ஒதுக்குகிறாய். இடது பக்கக் கோட்டுக்குள் நின்று வழக்கம்போல் இரண்டு தடவை கை தட்டுகிறாய். பந்து வருகிறது, போடுகிறாய், உன்னைச் சுற்றி ரோஜாப்பூ வட்டம் விரிகிறது. மேடையில் பெரிய மனிதர்கள் மீஹூன் சாப்பிடுவதைப் பந்தி எடுப்பதுபோல வரிசையாக எடுத்திருக்கிறார். என்னைக் காணோம். நாற்பது நிமிடப் படத்தில் என் கை மட்டும் மூன்று தடவை வருகிறது, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு தெரிகிறது. அந்தப் பந்தெல்லாம் வானத்திலிருந்தா விழுந்தது?

நீதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாய். சொல்லவில்லை என்று எழுது பார்ப்போம்.

க. பவானேஸ்வரி

*

கன்சாஸ்,
9.10.1995

பவானி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை கிழித்துப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன், ரூமில் இருக்கும் பெண் "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் மருதமுத்து அண்ணன் "யார எடுக்கணும்ணே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். அவர் தன் மகளைக் காட்டாமல் கந்தசாமி மாமா மகள் உன்னையா காட்டுவார்? கல்யாணத்தில் கேமரா ஒருத்திமேல்தான் இருக்கும், மற்ற நேரமெல்லாம் வந்திருக்கிற பெரிய மனிதர்கள்மேல் இருக்கும். அந்த மனுஷனுக்கு அது ஒன்றுதான் தெரியும். இதற்கு என்னைத் திட்டினால் நான் என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படு. இங்கே நிரப்பச் சொல்லும் படிவத்தில் பெயருக்கு அடுத்த கேள்வியே உயரம். கையை விரித்தால் எவ்வளவு, நின்றபடி கையைத் தூக்கினால் எவ்வளவு, குதித்தால் எவ்வளவு, எல்லாம் கேட்கிறார்கள். நான் ஐந்தடி பத்தங்குலம். நீ ஐந்தடி மூன்று. "உயரத்தை மட்டும் என்னால் கற்றுக்கொடுக்க முடியாது, அதனால் உயரத்தை எடுக்கிறேன்" என்று எங்கள் கோச் வெளிப்படையாகவே சொல்கிறார். உன்னைப் படத்தில் முழுக்கக் காட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

சொல்லாமல் வந்தது தப்புதான். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் வீட்டு வாசல்வரை ஒரு நாள் வந்தேன், உன் அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன்.

இங்கே நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. காலை ஐந்தரைக்கு ஓட விடுகிறார்கள். சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. எங்கள் ஆட்ட அட்டவணை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், சட்டைப்பையில் வைக்கிற அளவுதான். பின்பக்கம் நாங்கள் மோதப்போகும் ஒன்பது கல்லூரிகளும் இருக்கின்றன. உள்ளே என் பெயர் அச்சில் வந்திருக்கிறது, பார்.

உனக்கும்தான் நியாலாஸிலிருந்து பெண் கேட்டு வந்தார்களே. எப்படியும் நீ வந்திருக்க மாட்டாய்.

அனு

*

மூன்றாம் டிவிஷன்,
சிம்பாங் அம்பாட்.
29.10.1995

அனுசியா,

பார்த்தேன். உன் பெயரை அச்சில் பார்த்தேன். "சாமிநாதன் அனுசியா" என்று தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், உன் அப்பாதான் ஆடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நியாலாஸ் கதையை நீ எடுத்ததால் நானும் எடுக்கிறேன். மாமா தன் மகன் வசந்தனுக்கு என்னைக் கேட்டு வந்தது போன வருஷம் டிசம்பரில். தட்டு, பழம், பூ எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். நானே காபி கொண்டு போய் வைத்துவிட்டு, "மாமா, நான் அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டிருக்கேன், பதில் வரும், எனக்குக் கல்யாணம் வேணாம்" என்று சொன்னேன். அந்தக் காபியை யாரும் தொடவில்லை. அப்பா இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா இன்றைக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போக முடியாமல் இருக்கிறார். பதில் வரும் என்று நான் சொன்னேனே, அதை மட்டும் நீ ஞாபகம் வைத்துக்கொள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா பவானி, கல்யாணம் எப்ப? பத்திரிகை வைக்காம வுட்றாதே."

"யாருக்கு அத்தை கல்யாணம்?"

"ஒனக்குத்தாம்மா. அனு அந்த வெள்ளக்காரிக்கு எழுதிப் போட்டாளே, பவானிக்குக் கல்யாணம்னு. அவதான் ஒன்னையும் கேட்டிருந்தாளே..."

அதற்குமேல் அவருக்கே என்னவோ புரிந்துவிட்டது. முகம் மாறிப்போயிற்று. "நான் வரேம்மா, முறுக்கு மாவு வாங்கணும்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டார். மாவுக்கடை எனக்குப் பின்னால் இருந்தது, அவர் போனது கருவாட்டுக் கடைப் பக்கம்.

நான் இப்போது எலெக்ட்ரானிக் சாமான் செய்கிற கிலாங்கில் வேலை செய்கிறேன். விடியுமுன்னே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பலகையில் கம்பி பொருத்த வேண்டும். உன் படத்தில் வந்த அந்தக் கைதான்.

ஒரே கேள்வி. உன் கோச் என்னைப் பற்றிக் கேட்டு எழுதினாரா? எழுதினார் என்றால் நீ என்ன பதில் போட்டாய்?

க. பவானேஸ்வரி

*

கன்சாஸ்,
20.11.1995

பவானி,

பரீட்சை நடக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, காது வலிக்கிறது. முதல் ஆட்டத்தில் நான்கு நிமிடம் இறக்கினார்கள். ஒரு பந்துகூட என் கைக்கு வரவில்லை. வந்த ஒன்றும் காலில் வந்தது.

அம்மா எதையாவது கேட்டு எதையாவது சொல்லுவார், உனக்குத் தெரியாதா. நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் வேலை எப்படி இருக்கிறது? கிலாங்கில் கூடைப்பந்துக் குழு இருக்கிறதா? விடாமல் ஆடு. விடுமுறையில் விவரமாக எழுதுகிறேன்.

அனு

*

மூன்றாம் டிவிஷன்,
சிம்பாங் அம்பாட்.
4.12.1995

காது வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டது வேறு.

*

கன்சாஸ்,
7.1.1996

பவானி,

கேட்டார்.

போன வருஷம் ஜனவரியில் அவர் எழுதிய முதல் கடிதத்திலேயே கேட்டார். "பதினொன்றாம் எண்ணின் உயரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான்காம் எண் யார்? நான் அவளைப் பார்க்கவே இல்லை, பந்தை மட்டும்தான் பார்க்கிறேன். பாட்டு, பூ எதுவும் இல்லாமல் பத்துப் பேரும் தெரிகிற மாதிரி ஒரு முழு ஆட்டத்தை அனுப்புங்கள். என்னிடம் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது." இப்படித்தான் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம்.

மூன்று நாள் அதை உயிரியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் நீ பள்ளிக்கூட வாசலில் "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாய். மூன்று நாளும் இல்லை என்றேன். நான்காம் நாள் பதில் எழுதினேன். நான்காம் எண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது, எங்கள் வழக்கப்படி திருமணம் ஆன பெண்கள் விளையாட மாட்டார்கள் என்று எழுதினேன். "எங்கள் வழக்கம்" என்று எழுதிவிட்டால் வெள்ளைக்காரர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. "அவளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்" என்று எழுதினார். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

நியாலாஸ்காரர்கள் வந்துவிட்டுப் போனது தெரியும், நீ வேண்டாம் என்றது தெரியாது என்று இப்போது எழுதினால் நீ நம்பிவிடுவாய். ஆனால் தெரியும். நீயே சொன்னாய், பஸ் ஸ்டாப்பில், சிரித்துக்கொண்டே.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் கோச் குழு முழுவதையும் உட்கார வைத்து நம் டேப்பைப் போட்டார். ஏழு ஆட்டத்தில் நான் எடுத்தது மொத்தம் பதினோரு புள்ளி. "இந்தப் படத்தில் ஒரே ஆட்டத்தில் இருபத்து நான்கு எடுத்த பெண் எங்கே?" என்று கேட்டார். ரோஜாப்பூ வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினார். திரையில் உன் கையும் கயிறும் மட்டும் நின்றன. "நான் தப்பான பெண்ணை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது என்பேன், இப்படிப் பந்து போடுவதையும் கற்றுக்கொடுக்க முடியாது. எங்கே கற்றாள் இவள்?" என்றார்.

வலைப்பந்து என்று சொன்னேன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதிலிருந்து வலைப்பந்து ஆடியவள், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாத ஆட்டம், கையில் வாங்கியதும் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே நான் கை தட்டினால் யாரும் பந்து போடுவதில்லை. "நாயைக் கூப்பிடுகிறாயா" என்று கேட்கிறார்கள். ஆறு வருஷமாக நான் நன்றாக ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணக் கதை பொய் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அனு

*

கன்சாஸ்,
18.2.1996

பவானி,

ஆறு வாரம் ஆகிவிட்டது. நீ எழுதவில்லை. அம்மா உன் வீட்டுக்குப் போனாராம். உன் அம்மா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். சரிதான்.

கோச்சிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "நீ உன் வழக்கத்தின்மேல் பழி போட்டாய், நானும் மேற்கொண்டு விசாரிக்காமல் விட்டேன், இரண்டு பேருக்கும் வெட்கம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு ஆட்டத்துக்கு எனக்குச் சீருடை தரவில்லை. சாதாரண உடையில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

ஆனால் நல்ல செய்தி இருக்கிறது. ஆகஸ்டில் உனக்கு ஓர் இடம் தருகிறார்! படிப்பு, தங்குவது, சாப்பாடு, புத்தகம் எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். ஏப்ரல் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உன் பள்ளி இறுதிச் சான்றிதழின் நகலும் வேண்டும். வீடியோகூட வேண்டாம் என்கிறார்.

நீ வா பவானி. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும். என் உபகாரச் சம்பளத்தை இரண்டாம் வருஷத்துக்கும் நீட்டிப்பதா இல்லையா என்று அவர் இனிமேல்தான் முடிவு செய்வார். நீ வருகிறாய் என்றால் எனக்கும் ஒரு வழி பிறக்கும். பழையபடி ஆடலாம். நீ போடு, நான் எடுக்கிறேன்.

அனு

*

மூன்றாம் டிவிஷன்,
சிம்பாங் அம்பாட்.
12.5.1996

அனுசியா,

உன் கோச்சின் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நிரப்பவில்லை. ஒரு மூலை கூட மடங்கவில்லை, வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். அவருக்குக் கெடுவுக்கு முன்பே தனியாக ஒரு கடிதம் போட்டு நன்றி சொல்லிவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தத் தடவை ஆங்கிலத்தில் நானே எழுதி நானே கிலாங் ஆபீசில் டைப் அடித்தேன்.

உன் ஜனவரிக் கடிதத்தை வாசிக்கும்போது எனக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா "என்னடி, யாரு செத்தா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூன்று நாளும் வாசலில் நின்று பிச்சைக்காரி மாதிரி "ஏதாச்சும் வந்துச்சா" என்று கேட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. புத்தகம் உன் பையில்தான் இருந்திருக்கும். பை என் தோளை இடித்துக்கொண்டிருந்திருக்கும். என் வீட்டில் நான் ஒரு கல்யாணத்தை உதறிவிட்டு வந்து நிற்கிறேன், நீ அதே கல்யாணத்தை எடுத்து எனக்குக் கட்டி வைத்தாய். அதற்கு வாழ்த்து வேறு வாங்கினாய்.

பிப்ரவரிக் கடிதம் அதைவிட மோசம். "நீ போடு, நான் எடுக்கிறேன்" என்று எழுதுகிறாயே, அந்த வரியை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? என்னை அழைக்கிறாயா, உன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆள் தேடுகிறாயா? நான் கன்சாஸுக்கு வந்தும் உன் படத்தில் கையாக மட்டும் இருக்க வேண்டுமா?

நான் சும்மா இருக்கவில்லை. உன் ஜனவரிக் கடிதம் வந்த வாரமே, நீ அனுப்பிய அட்டவணையை எடுத்தேன். உன் பெயரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினாயே, அதன் பின்பக்கம் ஒன்பது கல்லூரி. அதே தடித்த புத்தகத்தில் முகவரி பார்த்து ஒன்பதுக்கும் எழுதினேன். இந்தத் தடவை வீடியோவும் என் கண்முன்னால்தான் எடுக்கப்பட்டது.

மருதமுத்து அண்ணனையே கூப்பிட்டேன். என்னைக் கண்டதும் கும்பிட்டார். "தங்கச்சி, தெரியாம நடந்துபோச்சு. காசு வேணாம், நானே வந்து எடுக்கறேன்" என்றார். மலாக்காவில் கிலாங்குகளுக்குள் நடந்த இறுதியாட்டம். கேமராவைப் படிக்கட்டின் உச்சியில், முழு ஆட்டக்களமும் தெரிகிற மாதிரி வைத்துக் கட்டச் சொன்னேன். கட்டிய பிறகு அவரை மூன்று படி தள்ளி உட்காரச் சொன்னேன்.

"அண்ணே, ஆட்டம் முடியறவரைக்கும் கேமராவத் தொடக் கூடாது."

"கிட்டக்கக் கொண்டு போவேணாமா?"

"வேணாம்."

"ஆளுங்க மூஞ்சி எறும்பு மாதிரி தெரியும்லா!"

"எறும்பாவே தெரியட்டும்."

"கடைசில ஒரே ஒரு பூவாச்சும் போடறேனே தங்கச்சி. மொட்டையா இருக்கும்."

பாவம், அந்த மனுஷன் கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தார். மேடையில் மேனேஜர் எழுந்து நின்றபோது அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. அமெரிக்க டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றியும் கொடுத்தார். அந்தப் படத்தில் என் முகம் தெரியாது. ஆனால் பந்து எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியும். நான் கோட்டைவிட்ட பந்துகளும் இருக்கின்றன, ஒன்பது. ஒன்றையும் வெட்டவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்புசாமி கிராணி மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினார். "கந்தசாமி! ஒம்மகளுக்கு அமெரிக்காலேருந்து போன்! வெள்ளக்காரி லைன்ல இருக்கா, சீக்கிரம் வரச் சொல்லு, ஆபீஸ் போனுலா இது!" குளித்த ஈரத் தலையோடு பின்னால் ஏறிப் போனேன். அப்பா சைக்கிளில் பின்னாலேயே வந்தார். ஆபீஸ் வாசலில் சம்பளத்துக்கு நிற்கிற மாதிரி ஒரு கூட்டம்.

அட்டவணையில் ஆறாவதாக இருக்கும் கல்லூரி. அந்தக் கோச் மூன்று கேள்வி கேட்டார். என்ன மதிப்பெண், எப்போது வர முடியும், ஐந்தடி மூன்றை வைத்துக்கொண்டு எப்படித் தடுத்து ஆடுவாய். கடைசிக் கேள்விக்கு நான், உன் கல்லூரியின் பெயரைச் சொல்லி, "அவர்களுடைய பதினொன்றாம் எண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அந்த உயரமான பெண்ணா? தெரியுமே" என்றார். "அவள் எங்கே நிற்பாள், எந்தக் காலை முன்னால் வைப்பாள், எப்போது பந்து கேட்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்களைப் பற்றி வந்து கற்றுக்கொள்கிறேன்" என்றேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, கையெழுத்துப் போடுவதற்குக் காகிதம் அனுப்புகிறேன் என்றார்.

காகிதம் வந்தது. பெற்றவர்களில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா, "இதுல கல்யாணத்தப் பத்தி ஏதும் எழுதிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வாங்கினார். டிக்கெட்டுக்கு ஓவர்டைம் செய்கிறேன். ஆகஸ்டு பதினான்காம் தேதி கிளம்புகிறேன்.

உனக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துவிட்டார்கள் என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். நீ அங்கே இல்லாமல் போய்விடுவாயோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். உன் அம்மா இந்தத் தடவை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அழுதார். உனக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டிருக்கிறார், இரண்டு போத்தல். கொண்டு வருகிறேன். ஆட்டம் முடிந்த பிறகு தருகிறேன்.

புது அட்டவணை இன்னும் அச்சாகவில்லையாம். ஆனால் நாங்கள் உங்களோடு மோதுவது நவம்பர் இருபத்து மூன்று, உங்கள் அரங்கத்தில் என்று கோச் சொல்லிவிட்டார். நீ இடது பக்கம், கோட்டுக்கு ஓர் அடி உள்ளே, வலது காலை முன்னால் வைத்து நிற்பாய். நிமிர்ந்து இரண்டு தடவை கை தட்டுவாய்.

தட்டு. நான் வருகிறேன்.

க. பவானேஸ்வரி
எண் 4